ஹீட்டர் தண்ணீரில் கால் வைத்தது

துபாயின் அல் குசைஸில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான் ஒரு மாலில் செக்யூரிட்டி. வாசலில் நிற்பதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நின்றே பழகியவன் என்பதால், இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். கால்கள் அப்படி நினைக்கவில்லை. ஓர் ஆகஸ்ட் மாலை ஷூவைக் கழற்றியபோது கணுக்காலைத் தேட வேண்டியிருந்தது.

வலியைவிட மறுநாள்தான் கவலை. செருப்போடு வந்த ஒருவரை சூப்பர்வைசர் போன வாரம்தான் திருப்பி அனுப்பியிருந்தார். என் ஷூவோ கையில் பிடித்துப் பார்க்கும்போதே சிறியதாகத் தெரிந்தது.

குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்தால் வீக்கம் வற்றும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குளிர்நீருக்கான நீலக் குழாயில் பக்கெட்டை நிரப்பி, இருந்த உப்பையெல்லாம் கொட்டி, இரண்டு காலையும் இறக்கினேன். இறக்கியதைவிட வேகமாக எடுத்தேன். கோடையில் அந்தக் குழாயில் வருவது மாடித் தொட்டியில் வெயில் காய்ச்சிய வெந்நீர். அதனால்தான் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துக் குளிப்போம். தெரிந்த விஷயம்தான். அன்று ஊர்ப் பழக்கத்தில் கை நீலத்துக்குப் போய்விட்டது.

கீழ்க்கட்டிலில் படுத்திருந்த ராமநாதபுரத்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, வைத்தியமா, ஆட்டுக்கால் சூப்பா?"

"அண்ணே, ஹீட்டர் தண்ணி ஒரு பக்கெட் எடுத்துக்கவா?"

"அது குளிக்கிற தண்ணிடா. கட்டட சைட்லருந்து வர்ற நம்ம ரூம்காரய்ங்க என்னையத்தான் வைவாய்ங்க."

"ஷூ ஏறலைன்னா நாளைக்கு டியூட்டி மாஃபி, திருப்பி அனுப்பிருவாங்க அண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "இன்னிக்கு என் சமையல் டர்ன். அத நீ பாத்துக்க, தண்ணிய எடுத்துக்க. கலாஸ், கணக்கு முடிஞ்சுச்சு."

நின்று வீங்கிய காலைக் குறைக்க, நின்று சமைக்க ஒப்புக்கொண்டேன். முதலில் ஹீட்டர் தண்ணீரில் கால் ஊறியது. பிறகு படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்து, நெஞ்சின்மேல் தட்டை வைத்து வெங்காயம் நறுக்கினேன். கண்ணீர் காதுக்குள் போனது. குழம்பில் உப்பில்லை. சைட்டிலிருந்து வந்தவர்கள் வெந்நீரில் குளித்துவிட்டு அதைச் சாப்பிட்டார்கள்.

காலையில் இடது ஷூ உடனே ஏறியது. வலது, கொஞ்சம் கெஞ்சலுக்குப் பிறகு. சூப்பர்வைசர் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டே வந்து, என்னைத் தாண்டிப் போனார். கழற்றினால் மறுபடி ஏறாது என்ற பயத்தில் மதியச் சாப்பாட்டின்போதும் நான் ஷூவைக் கழற்றவில்லை.