நான் நடந்த பக்கம்

சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைந்தாலும் தட்டை நகர்த்திவைத்துவிட்டு முறைக்கிற மனுஷன் என் வீட்டுக்காரர். அந்த மனுஷனுக்காக நான் ஏங்கிப்போய்க் கிடந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். போன மழைக்காலத்துக்குப் பிறகு அவர் என்னோடு சண்டையே போடவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே சாம்பாரில் உப்பே போடாமல் வைத்தேன். "நல்லாயிருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், செத்துப்போய்விடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினேன். எங்கே, எப்படி என்பதெல்லாம் வேண்டாம். காரணம் என்று கைகாட்டவும் ஒன்றுமில்லை. மாசக்கணக்காக மனசு கனத்துக் கிடந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஜங்லிகாட்டில் இருக்கும் தன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த இவர், டெய்ரி ஃபார்ம் ரோட்டில் என்னைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். அன்றிலிருந்து நான் கண்ணாடிச் சாமான். பாத்ரூம் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டார். நான் வாயைத் திறந்தால், "பழசை விடு, டென்ஷன் ஆகாதே." கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து என் அக்கா போன் பண்ணினால், "நான் மட்டும் அன்னைக்கு வரலைன்னா..." என்று இவரே ஆரம்பித்துவிடுவார். பாவம், பயந்துபோயிருந்தார். ஆனாலும் பக்கத்திலேயே இருக்கிற ஒருத்தருக்காக அதற்கு முன் நான் இப்படித் தவித்ததில்லை.

அதற்குப் பிறகு நான் மாத்திரைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மாறினார். புதிதாக வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார், எங்கள் தீவு வழக்கப்படி ஹிந்தியில்தான். சாகணும் என்று நினைப்பு மட்டும் வந்ததா, திட்டம் போட்டீர்களா, கிளம்பியே விட்டீர்களா? ஒவ்வொன்றும் வேறுவேறாம். பிறகு, "யாராவது தடுத்தாங்களா, நீங்களே நிறுத்திக்கிட்டீங்களா?" என்றார்.

"நான்தான் டாக்டர், ரோட்டுல வெச்சுப் பிடிச்சு..." என்று இவர் முந்திக்கொண்டார்.

"அவங்க சொல்லட்டும். இவர் பார்த்தப்போ நீங்க எந்தப் பக்கம் நடந்துக்கிட்டிருந்தீங்க?"

இத்தனை மாசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. "வீட்டுப் பக்கம்" என்றேன். "பாதியிலேயே திரும்பிட்டேன். இவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு."

பிறர் தடுத்தது ஒரு வகை, தானே நிறுத்திக்கொண்டது வேறு வகை என்றார் டாக்டர். இரண்டுமே லேசுப்பட்டதில்லை, மாத்திரையை விடக்கூடாது, மாசாமாசம் வரணும். ஆனால் என்னைத் திரும்பி வர வைத்தது எதுவோ, அதை இரண்டு பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு என்கிட்ட என்ன சொல்ல வந்தே?"

கடைசியில் கேட்டாரே.

"என்னால தனியா முடியலைங்க. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன்."