பஞ்சர் கடைக்காரர் ஒட்டிய பெயில்ஸ்

ஆரல்வாய்மொழிக் காற்றில் ஸ்டம்ப் மேல் பெயில்ஸ் நிற்காது. அரையிறுதியில் அந்தச் சின்னக் கட்டைகள் விழுந்ததும், பந்து தட்டியதா காற்று தட்டியதா என்று இரண்டு அணிகளும் ஒரு மணி நேரம் கத்தினோம். பெயில்ஸ் இல்லாமலே ஆடலாம் என்றேன். விக்கெட் கீப்பர் பேச்சை எவன் கேட்டான்?

எங்கள் கேப்டனுக்குப் பஞ்சர் கடை. இறுதிப் போட்டியன்று, டியூபுக்குத் தடவுகிற சொல்யூஷனைப் போட்டு பெயில்ஸை ஸ்டம்போடு ஒட்டிவிட்டார்.

"இனி விழுந்தா பந்துதான் தட்டிருக்கு. தகராறே இல்ல."

எதிரணியும் தலையாட்டியது.

கடைசிப் பந்தில் அவர்களுக்கு இரண்டு ரன் தேவை. கேப்டனே வீசினார். டென்னிஸ் பந்து ஸ்டம்பில் நச்சென்று பட்டு, என்னைத் தாண்டி பவுண்டரிக்கு ஓடியது. நாங்கள் கேப்டனைத் தூக்கிக்கொண்டு குதித்தோம்.

"பெயில்ஸ் விழலியே மக்கா. நாலு ரன்னு," என்றார் அம்பயர்.

கேப்டன் இறங்கிவந்து பெயில்ஸை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. படுபாவி, முகத்தில் பெருமை வழிந்தது.

கோப்பை போயிற்று. ஜெயித்த அணிக்காரர்கள் இப்போது பஞ்சர் என்றால், வழியில் இரண்டு கடைகளைத் தாண்டி அவர் கடைக்குத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.