திருப்பிக் கேட்கப் பழகிய ராத்தா

குவைத்தில் நான் கற்ற இங்கிலீசு முழுவதும் கட்டளைதான். கெட் அப் என்றால் எழும்பு. கிளீன் அப் என்றால் துப்புரவாக்கு. ஹரி அப், ஷட் அப், கெட் அவுட். வீட்டு வேலை செய்த காலம் முழுக்க இவற்றைக் கேட்டேன். நானாக வாய் திறந்து ஒன்று சொன்னதில்லை.

நான் என் ஊரான அரிப்புக்குத் திரும்பிவிட்டேன் என்று கேள்விப்பட்டு, சிலாவத்துறைப் பக்கமிருந்து, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் வந்தார். முன்பு கடற்கரையில் ஒரே மீன் வாடியில் கருவாடு காயப்போட்டவர்கள் நாங்கள். அவருடைய புருசனுக்கு முதுகில் அடிபட்டு, கடலுக்குப் போக முடியவில்லை. இப்போது ராத்தா குவைத் போகிறார். ஏஜென்சிக்காரன் கொடுத்த தாளில் செக் இன், டேக் ஓஃப் என்று கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் என்ன பிளேன் ஓட்டவா போகிறார்?

தாளில் மிச்சமிருந்ததை ராத்தா கண்ணை மூடிப் பாடமாக்கினார். "கெட் அப் எழும்பு, கெட் அவுட் வெளியில போ, கெட் ஓன் ஏறு, கெட் ஓஃப் இறங்கு. இந்தக் கெட்டுக்கு எத்தனை புருசன், தங்கச்சி? ஒவ்வொருத்தனோடயும் ஒவ்வொரு குணமா இருக்கிறாள்."

சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன்: "இதெல்லாம் அந்த வீட்டு மேடமார் உங்களுக்குச் சொல்லுறது. விளங்கினாக் காணும். நீங்கள் சொல்ல வேண்டியதைப் படியுங்கோ."

அது கொஞ்சம்தான். கோல் பேக்: வீட்டிலிருந்து பிள்ளைகள் அழைத்தால், திரும்ப அழைக்க விடச்சொல்லிக் கேட்பதற்கு. ரன் அவுட்: பிரஷருக்குப் போடும் குளிசை முடிந்துபோனது என்று சொல்வதற்கு. கிவ் பேக்: திருப்பிக் கொடு. என் பாஸ்போட்டை முதல் நாளே வாங்கி அலுமாரியில் பூட்டினார்கள். அப்பா செத்த செய்தி வந்த அன்று, அந்த அலுமாரிக்கு முன்னால் சொல் இல்லாமல் நின்றேன்.

ராத்தாவுக்குச் சொல் வந்தது. சத்தம்தான் வரவில்லை. முணுமுணுத்தார். முணுமுணுப்புக்கு எந்த மேடமும் அலுமாரி திறக்கமாட்டாள். அவர் வீட்டுக்குப் புறப்படும்போது அவருடைய கைப்பையைப் பறித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நான்தான் மேடம். கேளுங்கோ."

"பகிடி விடாதீங்கோ, தங்கச்சி. பஸ் வரப்போகுது."

"போகட்டும்."

"பிளீஸ், மேடம்."

"கெஞ்சாதீங்கோ. கேளுங்கோ."

சந்தியில் பஸ் ஹோர்ன் கேட்டது. ராத்தாவின் முகம் கறுத்தது. உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"கிவ் இட் பேக்," என்றார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

பையைக் கொடுத்தேன்.

"கோவம் வந்திட்டுது, தங்கச்சி."

"வரட்டும். சத்தமும் வந்திட்டுது."

அவர் குவைத் போய்ச் சில வாரங்களில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "கேட்டனான், தங்கச்சி. மேடம் முதல்ல சிரிச்சவ. பிறகும் கேட்டனான். வாங்கி வச்ச போனைத் தந்திட்டா. பாஸ்போட் இன்னும் தரேல்ல. நாளைக்கும் கேப்பன்."

பின்னால் ஒரு பெண் ஹரி அப் என்று கத்தியது கேட்டது. ராத்தா அவசரப்படவில்லை. என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்து முடித்த பிறகுதான் பதிவை நிறுத்தினார்.