சத்தம் போடாத பம்பு

காலை ஐந்தேகால் மணிக்கு உபதேசியார் வேனின் பின்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்து, கொஞ்சம் அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "பன்னெண்டு இருக்கும் தம்பி" என்பார். நான் அளவுமானியைச் செருகிப் பார்த்தால் பன்னிரண்டு இருக்கும், இல்லையென்றால் பதிமூன்று. முப்பது இருக்க வேண்டிய டயர் அது. முந்தின நாள் சாயங்காலம் முப்பது வைத்துவிட்டுத்தான் போயிருப்போம். "உள்ள ஒரு ஆளுக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும், வெளிய ஒருத்தனுக்குக் காத்து ஏத்தணும். மொத்தம் ரெண்டு பேஷண்ட்டு நமக்கு" என்று மெல்லச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது.

உள்ளே இருக்கும் அந்த ஆள் என் அக்கா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று நாள் தாராவியிலிருந்து செம்பூருக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்தது. ஆறரை மணிக்கு அவளுக்கு ஒரு படுக்கை, நான்கு மணி நேரம். வேன் சர்ச்சுடையது. நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். உபதேசியாரிடம் போய்க் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ, "சீக்கு வந்தவங்கிட்ட எந்தக் கோயிலுன்னு கேக்க நான் என்ன ரேஷன் ஆபீஸரா?" என்று சொல்லி, மறுநாளே வந்து நின்றார். சர்ச் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தைந்துக்கு மேல், இரண்டு முழங்காலும் மடங்காது. இப்போது தாணேயில் மகள் வீட்டில் இருக்கிறார். வேனை நான்தான் ஓட்டுகிறேன். அவர் ஓட்டிய காலத்தில் நான் பக்கத்தில் உட்காருகிறவன், பை தைக்கும் பட்டறையில் மிஷின் மிதிக்கிறவன், டயரைப் பற்றி எதுவுமே தெரியாதவன்.

அந்தப் பின்சக்கரத்தின் நோய் துரு. மழைக்காலம் முழுவதும் தேங்கிய தண்ணீரில் நின்று நின்று ரிம்மின் விளிம்பை அது தின்றிருந்தது. ரப்பர் உட்காரும் இடத்தில் காற்று கசியும். ட்யூப் போட்டும் பார்த்தோம். துரு அதையும் கடித்தது. பழைய மாடல் வண்டி, ரிம் கிடைக்கவில்லை. ஸ்டெப்னி ஏற்கெனவே இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். காலால் மிதிக்கும் பம்பு ஒன்று இருந்தது, அதை மிதித்து மிதித்து என் தொடை வீங்கியதுதான் மிச்சம். ஒருநாள் அந்தப் பம்பின் குழாய் பிய்ந்து, மழையில் டாக்சி பிடித்து, நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த ஆள் காத்திருந்ததால் அக்காவுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கவில்லை, மூன்றுதான். அன்று சாயங்காலம் அவளால் படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் ஏறினால் மனிதர் எப்படி மூச்சு விடுவார்கள் என்பதை அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சுக்கு நடுவே, "ஏலே, டயர்ல காத்து இல்லன்னா எனக்கும் இல்லலா" என்று வேடிக்கை வேறு பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே நானும் உபதேசியாரும் தாதருக்குப் போய், கரண்டில் ஓடும் காற்றடிக்கும் மிஷின் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாராவியில் வேன் நிறுத்த இடம் கிடைப்பது சாதாரண விஷயமா? எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு வரிசைக்கு எதிரே, அங்கிருந்தவர்கள் மனமிரங்கி ஒரு வேன் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒருநாள் காலை உபதேசியார் எங்களைக் கூப்பிட ஹாரன் அடித்துவிட்டார். உடனே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஹாரன் அடிச்சீயன்னா வண்டிய வேற எடத்துல கொண்டு போயி நிறுத்துங்க!" என்று வந்தது. உபதேசியாருக்கு அது பிரசங்க மேடையில் நின்று திட்டு வாங்கியதுபோல ஆகிவிட்டது. அன்று முதல் அந்த வரிசைக்கு முன்னால் இருமக்கூட மாட்டார். கதவைச் சாத்தும்போது சட்டைத் துணியைக் கொடுத்துச் சாத்துவார். "நாம நல்லது செய்யதுக்கு அடுத்தவன் தூக்கத்தைக் கடன் வாங்கக் கூடாது தம்பி" என்று என்னிடமும் ரகசியக் குரலில்தான் சொன்னார். இடம் போனால் வேன் இல்லை, வேன் போனால் அக்காவுக்குப் படுக்கை இல்லை. எங்கள் பயம் நியாயமான பயம்தான்.

தாதர் கடைக்காரர் மூன்று மிஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது, சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, வண்டிக்குள் சிகரெட் பற்றவைக்கும் துளையில் வயரைச் செருகி ஓட்டுவது. மூன்றாவது இரும்பில் செய்த கனத்த சாமான். அதன் இரண்டு கிளிப்பையும் வண்டியின் பேட்டரியிலேயே நேராகக் கவ்வ வைக்க வேண்டும். கடைக்காரர் மூன்றாவதைத் தட்டி, "சாச்சா, ரோஜ் கா காம் ஹை தோ யே லே ஜாவ்" என்றார். தினசரி வேலைக்கு இதுதான் லாயக்கு என்கிறார். ஓட்டியும் காட்டினார். கட்கட்கட்டென்று மேஜை நடுங்கியது, அலமாரியில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்கள் தாளம் போட்டன. உபதேசியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் குட்டி மிஷினைக் கையில் எடுத்து, ஓடவிட்டு, பழைய காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்பார்களே, அப்படிக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்லாரும் ஸ்பீடு கேட்பாங்க, நீங்க சத்தம் கேக்குறீங்களே. பாட்டுக் கேக்கவா வாங்குறீங்க?" என்று ஹிந்தியில் கேலி செய்தார். உபதேசியார் அசையவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குட்டி மிஷினின் பெட்டியில் நூற்றைம்பது என்று பெரிதாகப் போட்டிருந்தது. நமக்கு வேண்டியது முப்பதுதானே, இது ஐந்து மடங்கு பலசாலி என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்த எண் அது எவ்வளவு அழுத்தம் வரை போகும் என்பதற்கு. நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது வேறு கணக்கு, அது பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம் அன்று எனக்கு இல்லை.

முதல் இரண்டு வாரம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. பன்னிரண்டிலிருந்து முப்பதுக்கு ஏற எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். கடையில் பூனைபோல முனகியது, விடிகாலைத் தெருவில் வைத்ததும் தேனீக் கூடுபோல இரைந்தது. உபதேசியாருக்கு அதுவும் பொறுக்கவில்லை. தன் தோள் துண்டை நான்காக மடித்து மிஷினைச் சுற்றினார். அடுத்த தடவை அதன் மேல் ஒரு தலையணை உறையும் ஏறியது. அடுத்த வாரம், அவர் மகள் அவருக்குப் பின்னி அனுப்பிய கம்பளிக் குல்லாய். குளிருக்குப் போர்த்திய குழந்தைபோல மிஷின் கிடந்தது. குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இப்போ கேக்குதா?" என்பார். "கேக்கல ஐயா" என்பேன். இருவருக்கும் அப்படி ஒரு பெருமை. மிஷினும் மூச்சுவிட வேண்டும் என்று நாளெல்லாம் மிஷினோடு கிடக்கிற எனக்கே தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை அது பத்தொன்பதில் நின்றது. குல்லாயிலிருந்து கருகல் வாடை. துண்டை உருவினால் கை வைக்க முடியாத சூடு. பொத்தானை அமுக்கினேன், அசையவில்லை. அக்கா ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சென்ற இரண்டு நாளும் அவளுக்குக் கால் வீக்கம் வற்றவில்லை. இன்னொரு தடவை ஒரு மணி நேரம் குறைந்தால் வீட்டுக்குத் திரும்ப முடியாது, வார்டில் சேர்க்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "என்ன ஆச்சு?" என்று அவள் சன்னல் வழியாகக் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று உபதேசியார் கிசுகிசுத்தார். "பதினஞ்சு நிமிஷம் ஆறட்டும்" என்று நான் கிசுகிசுத்தேன். "டாக்சி பாக்கட்டா?" என்று மறுபடியும் நானே கேட்டேன். "மெதுவா, மெதுவா பேசு தம்பி" என்றார் அவர்.

அப்போது எதிர் வரிசையில் கதவு படீரென்று திறந்தது. இடுப்பில் காலிக் குடத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். பின்னால் நாங்கள் மதினி என்று அழைக்கப்போகிறவள். அன்று அவள் குரலைக் கேட்டதுமே ஹாரன் நாளில் கதவுக்குப் பின்னால் பேசியவள் என்று தெரிந்துவிட்டது. உபதேசியார் அந்தக் கருகிய குல்லாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"யாருய்யா நீங்க ரெண்டு பேரும்? தெனமும் விடியுமுன்ன வந்து குசுகுசுன்னு என்ன பேசுதிய? மூணு வாரமா நான் திருட்டுப் பயவன்னுல்லா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்!"

"மன்னிக்கணும் தாயி. தூக்கத்தக் கெடுத்துட்டோம்."

"தூக்கமா? இங்க எவ தூங்குதா? நாலரைக்குத் தண்ணி வந்துருது. இந்த வரிசையில எல்லாவளும் முழிச்சுக் குடத்தோடதான் நிக்கோம்."

"அன்னைக்கு ஹாரன் அடிச்சதுக்கு நீங்க..."

"ஹாரன் வேற. ஹாரன் அடிச்சா நம்மளத்தான் கூப்பிடுதாவளோன்னு போட்டது போட்டபடி ஓடி வந்து எட்டிப் பாக்கணும். எம்புட்டுத் தண்ணி போச்சு தெரியுமா அன்னைக்கு? மிஷின் சத்தம் யாரையும் கூப்பிடாது. மாடியில ராப்பகலா தையல் மிஷின் ஓடுது, அதுக்குக் கீழதான் எம்புள்ளய தொட்டில்ல போட்டு வளத்தேன்." இதையெல்லாம் சொல்லிவிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அக்காவின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்கா? இத மொதல்லயே சொல்ல மாட்டியளா?" வீட்டுக்குள் திரும்பி, "ஏங்க, டாக்சியில கெடக்க பம்ப எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!" என்று தெருவே கேட்கும்படி கூவினாள்.

டாக்சி ஓட்டும் அவள் கணவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொண்டு வந்தது தாதர் கடைக்காரர் காட்டினாரே, அதே இரும்புச் சாமான். டாக்சியை வேனுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, முன்மூடியைத் தூக்கி, கிளிப்பை மாட்டினார். கட்கட்கட்கட். உபதேசியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எந்தக் கதவும் திட்டுவதற்காகத் திறக்கவில்லை. மேல்மாடி சன்னலிலிருந்து ஒரு பட்டறைத் தொழிலாளி பல்குச்சியோடு எட்டிப் பார்த்து, "சாச்சா, ஆஜ் ஜல்தி ஹோ ஜாயேகா!" என்று வாழ்த்துச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனான். இன்று சீக்கிரம் முடிந்துவிடுமாம். மூன்று வாரமாக எங்களை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முள் முப்பதைத் தொட்டது. மதினியின் கணவர் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே உபதேசியாரிடம், "மிஷினுக்குக் குல்லாய் போட்ட ஒரே ஆளு பம்பாயில நீங்கதான் ஐயா" என்றார். முதல்முறையாக உபதேசியார் அந்தத் தெருவில் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அன்று ஆறு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம், நான்கு மணி நேரமும் முழுசாகக் கிடைத்தது. மறுநாளே தாதருக்குப் போய் அந்த இரும்பு மிஷினை வாங்கினோம். கடைக்காரர் ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டார். "வேண்டாம், கேட்டாச்சு" என்றார் உபதேசியார்.

சனிக்கிழமை காலை எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அக்காவிடம் நலம் விசாரித்தாள். அதற்கும் நேரம் இருந்தது. செம்பூருக்குப் போனால் மணி ஆறேகால். டயாலிசிஸ் வார்டின் கதவே இன்னும் திறக்கவில்லை. வெளியே இருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். வழக்கமாக அந்த நடைபாதையில் நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன், உபதேசியார் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வருவார். அன்று அந்தச் சுவரில் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்பதையே முதன்முதலாகப் பார்த்தேன். உபதேசியார் காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டு, வாங்கி வந்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். அக்கா முந்தானையைச் சரி செய்தாள், தலைமுடியை அவிழ்த்து மறுபடி முடிந்தாள், எதிரே போகிறவர்களை வேடிக்கை பார்த்தாள். கல்யாண வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவளைப்போல இருந்தாள்.

கதவு திறந்தது. மராட்டிக்கார நர்ஸ் தலையை நீட்டி எங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். மிஷினை இன்னும் கழுவி முடிக்கவில்லை, ஐந்து நிமிடம் ஆகும் என்று சங்கடத்தோடு சொன்னாள். பம்பாய்க்கு வந்து முப்பது வருஷமாகியும் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவதற்கு மேல் ஹிந்தி பேசாத என் அக்கா, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்: "ஆராம் சே கரோ பேட்டி. ஹமாரே பாஸ் டைம் ஹை."

மெதுவாகச் செய் மகளே, எங்களிடம் நேரம் இருக்கிறது.