கால்சட்டையை இழுத்துவிடும் உடும்பு

பிலிப்பைன்ஸில் எங்கள் மரிகினா ஊரில் பக்கத்து வீட்டு ஒஃபெலியாவுக்குக் கார்ட்டூன் கம்பெனியில் வேலை. கார்ட்டூன் எடுப்பதற்கு முன்னால் முழுக் கதையையும் கட்டம் கட்டமாகக் கிறுக்கித் தர வேண்டும். யார் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், கேமரா எங்கிருந்து பார்க்கிறது, எல்லாம் அதில் இருக்கும். ஸ்டோரிபோர்டு என்பார்கள்.

ஆரம்பத்தில் அங்கே மற்றவர்கள் கிறுக்கியதைச் சுத்தமான கோடாகத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சந்தைக்குப் போய் மீன்காரிகளின் சண்டையைக் கட்டங்களாக வரைந்து என்னிடம் கொண்டுவருவாள். ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டாள்.

"என்ன நடக்குதுன்னு சொல்லுக்கா."

எனக்குப் புரியாத கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவாள். இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்கிற பிள்ளைகளிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன். அழகு கிடக்கட்டும், முதலில் புரிகிற மாதிரி வரை.

அந்தச் சந்தைச் சண்டையைக் காட்டித்தான் ஸ்டோரிபோர்டு வேலை வாங்கினாள். அவள் உழைப்பில் உட்கார்ந்து தின்றவர் அவளுடைய மேலாளர் இக்னாசியோ. இவள் வரைந்த போர்டின் முதல் பக்கத்தில் இவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, படம் கேட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்.

"நேரா கேக்க வேண்டியதுதானடி?"

"கேட்டேன்கா. நீ கை, நான் மூளைங்கிறான்."

"அந்த மூளைதானே போன திருவிழாவுக்கு வந்து என் பன்சித் நூடுல்ஸை வழிச்சுத் தின்னுட்டு, உப்பு பத்தலைன்னுச்சு?"

ஒஃபெலியா பென்சிலை எடுத்தாள். "அன்னிக்கு அவன் எப்படியெல்லாம் பண்ணான்? செஞ்சு காட்டுக்கா."

செய்து காட்டினேன். கால்சட்டையைத் தொப்பைக்கு மேல் இழுத்துவிட்டேன். எச்சில் தொட்டு வழுக்கையில் நாலு முடியைப் படிய வைத்தேன். பக்கத்துத் தட்டிலிருந்து கறியை உருவினேன். அவள் அடுத்து வரைந்த கதையின் வில்லன் முட்டை திருடும் உடும்பு. மூஞ்சிதான் உடும்பு, மிச்சமெல்லாம் இக்னாசியோ.

இக்னாசியோ வழக்கம்போல முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. பெயரை மாற்றி அனுப்பினார். வெளிநாட்டில் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட போர்டு அங்கே சட்டம், ஒரு புருவத்தைக்கூட யாரும் மாற்றக் கூடாது. போர்டைப் பார்த்துப் படத்துக்கு அசைவு வரைகிற பிள்ளைகளுக்கு உடும்பு யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று விடாமல் வரைந்தார்கள்.

படம் முடிந்ததும் கம்பெனியில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். நானும் போனேன், விடுவேனா? உடும்பு கால்சட்டையை இழுத்துவிட்டதும் கூடமே அதிர்ந்தது. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மா சிரிப்பில் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு இக்னாசியோவின் கையைக் குலுக்கினாள்.

"உங்களை நீங்களே இப்படிக் கிண்டல் பண்ணிக்க பெரிய மனசு வேணும் சார்! இனிமே இந்த உடும்பை வச்சே தனித் தொடர் எடுக்கலாம்."

அவர் எழுந்தார். பழக்கதோஷம், கால்சட்டையை இழுத்துவிட்டார். மறுபடியும் சிரிப்பு.

"நான் வரையல! எல்லாம் இவ வரைஞ்சது!"

"எல்லாமுமா?" அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இதுக்கு முன்னாடி உங்க பேர்ல வந்ததும்?"

அவர் எச்சில் தொட்டு நாலு முடியைப் படிய வைத்தார். ஒஃபெலியா எழுந்தாள்.

"ஆமா மேடம். அதுவும்தான்."

உடும்புத் தொடரின் முதல் பக்கத்தில் இப்போது ஒஃபெலியா பெயர்தான். இக்னாசியோவை வேறு பிரிவில் ஓர் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவளைத் தேடி வந்தாராம்.

"ஒஃபெலியா, தெருவுல பிள்ளைங்க என்னைப் பார்த்து கால்சட்டையை இழுக்குதுங்க. அதையாவது எடுத்துடும்மா."

"போர்டு பாஸ் ஆயிடுச்சே சார்" என்றாளாம். "ஒரு புருவத்தைக்கூட மாத்தக் கூடாது."