பெரியம்மா சேர்த்துக்கொண்ட தம்பி

"மெட்னி" என்ற பகல்காட்சி பார்த்துவிட்டு வரும் பெரியம்மாவுக்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். சுருட்டுப் புகை, வறுத்த கடலை, முகப்பவுடர், மழையில் நனைந்த சேலை எல்லாம் கலந்த அந்த வாசனை படியேறும்போதே, கண்டி கட்டுக்கலையில் எங்கள் வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் பாய் விரித்துவிடுவோம். எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவது தீபாவளிக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் எங்களுக்குச் சினிமா என்றால் பெரியம்மாவின் வாய்தான்.

பெரியப்பா டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் அன்று அவருக்குப் பகலில் பழைய குழம்புதான் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். கதாநாயகி அழும் இடத்தில் பெரியம்மா முந்தானையைக் கடிப்பார், வில்லன் வந்தால் அகப்பையைத் தூக்குவார். பிடிக்காத படத்துக்கு, "வெங்காயம் உரிச்சா இதவிட நல்லா அழுகை வரும்" என்று ஒரே தீர்ப்பு. அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் ஒருவரும் அந்தப் படத்தை எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டி மாத்தளைக்கும் கண்டிக்கும் பொது. அங்கே ஓடி முடிந்த "ரீல்" பஸ் ஏறி இங்கே வரவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அடைமழையில் பஸ் பிந்தி, ரீல்கள் முன்னும் பின்னுமாக வந்து சேர, மலிவு டிக்கெட் "கலரி"க்காரர்கள் கதிரைகளை உடைத்துவிடுவார்களே என்ற பயத்தில் ஒப்பரேட்டர் கைக்கு அகப்பட்டதை ஓட்டிவிட்டார். கதாநாயகன் மலையிலிருந்து விழுந்து செத்தான், கதாநாயகி தாலியறுத்தாள், அடுத்த ரீலில் அவனே மீசையில்லாமல் மாலையும் கழுத்துமாக வந்து அவளுக்கே தாலி கட்டினான். கலரியில் ஒரே கூச்சல், விசில். பெரியம்மா மட்டும் அசையவில்லை.

"செத்தவன் அண்ணன், தாலி கட்டுனவன் தம்பி," என்று அன்று மாலை எங்களுக்கு அடித்துச் சொன்னார். "அண்ணன் செத்த துக்கத்துல மீசைய எடுத்துட்டான். அண்ணிக்கு வாழ்வு குடுத்தான் பாரு, அவன் மனுசன்."

பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அப்படியொரு துணிச்சலான படம் கண்டிக்கு வந்ததே இல்லை என்று பேச்சு தண்ணீர் பிடிக்கும் பைப்படி வரைக்கும் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் "கிளாக்கர் ஐயா" அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் ரீல்கள் ஒழுங்காகியிருந்தன.

"அக்கா, அந்தப் படத்திலை தம்பியெண்டு ஒருத்தரும் இல்லை," என்றார். "கலியாணம் முதல், சாவு பிறகு."

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். தம்பி இல்லையென்றால் இனி இந்த வாயால் படக்கதையே சொல்வதில்லை என்று, எல்லோர் முன்னாலும் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணிவிட்டார். கிளாக்கர் ஐயாவோ விடாக்கண்டர். நேரே தியேட்டருக்குப் போய் ஒப்பரேட்டரைக் கேட்டு, ரீல் மாறின கதையைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாசனை படியேறி வந்தது. நாங்கள் பாயை விரித்தோம். பெரியம்மா எங்களைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியத்துக்குச் சாட்சியாக நின்ற பிள்ளையார் மேல் கூடக் கோபம் வந்தது. வரிசையே கிளாக்கர் ஐயாவை முறைத்தது. உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டீர்கள் என்று அவருடைய மனைவியே கேட்டாராம்.

அதற்கடுத்த வாரம் ஒரு மாலையில் அவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நான் இன்னொருக்காப் போய்ப் பாத்தனான்," என்றார் அடுப்படியைப் பார்த்து. "ஒழுங்கான ரீலிலை அந்தப் பிள்ளை தாலியறுத்ததோடை படம் முடியுது. மனசுக்குச் சரியில்லை. உங்கட தம்பிதான் வேணும். பிறகு அவையள் எப்பிடி இருந்தவை?"

பாத்திரச் சத்தம் நின்றது. பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சத்தியம் பண்ணுனது படக்கதைக்குத்தானே," என்றார். "இது படத்துல இல்லாதது."

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும், "இது படத்துல இல்லாதது" என்று தொடங்கித்தான் சொல்வார். பிள்ளையாரும் ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், படங்கள் அதற்குப் பிறகுதான் நன்றாக இருந்தன.

இப்போது தியேட்டர் இருந்த இடத்தில் உடுப்புக்கடை. ரீலும் இல்லை, கலரியும் இல்லை, பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் குண்டசாலையில் மகள் வீட்டு டீவியில் ஒரு புதுப்படம் பார்த்தேன். எல்லோர் முகமும் இருட்டில், பேச்சையெல்லாம் இசை விழுங்கிவிட்டது. முதல் காட்சியில் செத்தவன் அடுத்த காட்சியில் கலியாணம் கட்டுகிறான். வேண்டுமென்றே முன்பின்னாக எடுத்திருக்கிறார்களாம், அதற்கு விருது கூடக் கிடைத்ததாம் என்றாள் பேத்தி. எங்கள் ஒப்பரேட்டருக்கு அன்று விசில்தான் கிடைத்தது.

கடைசியில் படம் சுற்றி வளைத்து முதல் காட்சிக்கே வந்து, அந்தப் பெண்ணைப் பிணத்துக்குப் பக்கத்தில் தனியாக நிறுத்திவிட்டு முடிந்தது. பேத்தி கண்ணைத் துடைத்தாள்.

"அழாத புள்ள," என்றேன். "அவனுக்கு ஒரு தம்பி இருக்கான்."

"படத்துல அப்படி யாரும் வரலியே, பாட்டி?"

கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இது படத்துல இல்லாதது," என்று தொடங்கினேன்.