வாய்வரை ஊற்றிய தண்ணீர்

தாம்பரத்திலிருந்து கோவளம் வரைக்கும் எந்த ஜெனரேட்டர் அறையில் வேண்டுமானாலும் நுழைந்து கேளுங்கள். நான் பைப் போட்ட டீசல் இன்ஜின் ஒன்றாவது கொதித்து நின்றது என்று யாராவது சொன்னால் மீசையை எடுத்துவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். சொந்தக் கையால் மேலே வந்தவன். அப்படிப்பட்ட எனக்கு என் சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அரைக்குடம். பேரன் பிறந்த பிறகும் அதே பெயர்தான். நியாயமா இது?

எல்லாம் பெரியப்பா செய்த வேலை. எண்பதுகளில் மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் ஜெனரேட்டர் பூட்டிக் கொடுத்தார். பழைய லாரி இன்ஜின். ஓடுகிற லாரிக்கு எதிர்க்காற்று உண்டு. நின்ற இடத்தில் ஓடுவதற்கு ஒரு ரேடியேட்டர் போதாது என்று கணக்குப் போட்டு, இரண்டை இணைத்து, பின்சுவருக்கு வெளியே ஒரு மோட்டார் ஃபேனோடு நிறுத்தினார். அந்தக் கணக்கை இன்றும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுவரை உடைக்கக் கூடாது என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார். அதனால் சுடுதண்ணீர் பைப்பை மேலே ஏற்றி, வென்டிலேட்டர் வழியாக வெளியே விட்டு, மறுபடி கீழே இறக்கினார்.

ரேடியேட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பத்து வயது எனக்கு. கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, வாயில் தண்ணீர் நின்று தளும்பும்வரை ஊற்றி மூடினேன்.

முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது. இன்ஜின் ஓடியது, மண்டபத்து ஃபேன்கள் சுற்றின, பெரியப்பா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தாலி கட்டுவதற்குள் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. மைக் அடங்கியது, மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது. மண்டபக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னா மேஸ்திரி, மானத்த வாங்கிட்டியே.”

பெரியப்பா இன்ஜினைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

“தண்ணி ரொப்புடான்னா இன்னாடா பண்ணிகினு இருந்தே?”

“வாய் வரைக்கும் ரொப்பினேன் பெரியப்பா. சாமி சத்தியமா.”

சூடு ஆறியதும் மூடியைத் திறந்து ஊற்றினால் அரைக்குடம் உள்ளே போனது. போதாதா? ஆவியாகச் சீறிப் போன தண்ணீர் எந்தக் கணக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையல்காரர் வேறு கரண்டியும் கையுமாக வந்து, “வுடு மேஸ்திரி, பையன் ஜாங்கிரிய பாத்துகினு நின்னுட்டிருப்பான்” என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பந்தியில் உட்காராமல் நடந்தே போனேன். எனக்கு முன்பே அந்தப் பெயர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஏறி இறங்கும் பைப்பின் மேட்டில் காற்று அடைத்துக்கொண்டால், கிணற்றையே கவிழ்த்தாலும் தண்ணீர் சுற்றாது. இது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. அவருக்கு ஒரே ராத்திரி போதுமாயிருந்தது.

மறுநாள் காலை பெரியப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதே மண்டபத்துக்குப் போனார். மண்டபக்காரரிடம் கெஞ்சிச் சுவரில் ஓட்டை போட்டார். மேலே போன பைப்பை அறுத்தெறிந்துவிட்டு, ரேடியேட்டருக்கு நேராகப் புதிதாக இழுத்தார். பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டார். திரும்பும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தின்றேன்.

தப்பு தண்ணீர் ஊற்றியவனுடையது என்றால் பைப்பை எதற்கு அறுத்தீர்கள் என்று கேட்க, அன்று எனக்குத் தோன்றவே இல்லை.